பேண்ட்ஸ்டாண்ட் வாத்தியக்காரர்களுக்கு முன்கதை எழுதப் போகிறீர்களா? முதலில் காகிதங்களைப் பாருங்கள்

‘பேண்ட்ஸ்டாண்ட்’ நியூயார்க்கின் பிராட்வே அரங்கில் 2017 ஏப்ரலில் தொடங்கி அதே ஆண்டு செப்டம்பரில் நின்றுபோன மியூசிக்கல், அதாவது இசை நாடகம். நடன அமைப்புக்கு, அமெரிக்க நாடக உலகின் பெரிய விருதான டோனி விருது வாங்கியது. கதை நடப்பது 1945-இல், ஓஹையோ மாநிலத்தின் கிளீவ்லேண்டில். போரிலிருந்து திரும்பிய ஆறு பேர் ஸ்விங் என்ற ஜாஸ் வகை நடன இசைக்கு ஒரு பேண்டு சேர்க்கிறார்கள், போரில் கணவனைப் பறிகொடுத்த ஜூலியா அதில் பாடுகிறாள். பியானோ வாசிக்கும் டானிக்குத்தான் கதையில் பெரிய பங்கு. மற்ற ஐந்து பேரின் போர்க்காலத்துக்குக் கிடைப்பது அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில வரிகள்தான். அந்த இடைவெளியைப் பார்த்ததும் எழுதக் கை பரபரக்கும். எனக்கும் பரபரத்தது. பல மாதம் அல்லாடிய பிறகு எனக்குப் பிடிபட்டது இதுதான்: சோகத்தை யோசித்துவிட்டு அதற்குத் தேதி தேடினால் கதை நிற்காது. தேதியையும் காகிதத்தையும் முதலில் சரிசெய்துவிட்டால் யார் யாரோடு பழகியிருக்க முடியும், யார் எதை மறைத்திருப்பார்கள் என்பதெல்லாம் பாதி தானாக வந்துவிடும்.

புதிதாக எழுத வருபவர்கள் கீழே உள்ள வரிசையிலேயே போனால் அலைச்சல் குறையும். பணம் அநேகமாகச் செலவாகாது. நேரம்தான் ஆகும்.

1. மேடையில் சொன்னதைத் தனியாகப் பிரியுங்கள்

2017-இல் வந்த பாடல் தொகுப்பு இருக்கிறது. மேடை நிகழ்ச்சியைப் படம்பிடித்து 2018-இல் அமெரிக்கத் திரையரங்குகளிலும் காட்டினார்கள். முறையாகக் கிடைக்கும் வடிவத்தில் ஒருமுறை முழுதாகப் பாருங்கள், அப்புறம் நோட்டோடு உட்காருங்கள். வசனத்தில் சொன்னது, பாட்டில் வந்தது, நடிப்பில் மட்டும் தெரிந்தது என்று மூன்று பத்தியாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

என் நோட்டில் இருந்தது சுருக்கமாக: டானி நோவிட்ஸ்கி, பியானோ, சாலமன் தீவுகள். ஜிம்மி கேம்பல், சாக்ஸஃபோன், கடற்படை, சட்ட மாணவன். டேவி ஸ்லாடிக், பேஸ், டாகாவ் வதைமுகாம் விடுவிப்பில் இருந்தவன், சதா ஜோக் அடிப்பான், சதா குடிப்பான். நிக் ரேடல், ட்ரம்பெட், போர்க்கைதியாக இருந்தவன். வேய்ன் ரைட், டிராம்போன், மரீன் (கடல்வழி இறங்கிப் போரிடும் தனிப் படை), எல்லாவற்றிலும் அளவுக்கு மீறிய ஒழுங்கு. ஜானி சிம்ப்சன், ட்ரம்ஸ், ஜீப் உருண்ட விபத்தில் உடம்பும் நினைவும் அடிபட்டவன்.

மற்ற ரசிகர்களின் கதைகளை இந்தக் கட்டத்தில் படிக்காதீர்கள். யாரோ ஒருவர் கற்பனை செய்ததைப் பத்துப் பேர் எடுத்தாண்டபின் அது நாடகத்திலேயே வருகிற மாதிரி மனதில் பதிந்துவிடும். பிறகு பிரித்தெடுப்பது பெரும்பாடு.

2. படைப் பிரிவும் ராணுவ எண்ணும்

அமெரிக்கத் தேசிய ஆவணக்காப்பகத்தின் இணையதளத்தில் இரண்டாம் உலகப்போரில் தரைப்படையில் சேர்ந்தவர்களின் பதிவுகள், ஏறத்தாழ 90 லட்சம், இலவசமாகத் தேடக் கிடைக்கின்றன. பிறந்த ஆண்டு, ஊர், படிப்பு, முன்பு பார்த்த வேலை, திருமணமானவரா என்பதெல்லாம் அதில் உண்டு. வேலைப் பட்டியலில் இசைக்கலைஞர்களுக்கும் இசை ஆசிரியர்களுக்கும் தனிக் குறியீடே இருக்கிறது. கிளீவ்லேண்டு இருப்பது கயஹோகா கவுண்டியில் (நம் ஊர் மாவட்டம் மாதிரி). அந்தக் கவுண்டியையும் அந்த வேலையையும் போட்டுத் தேடினால் எந்த வயதில், எந்த மாதத்தில் இப்படிப்பட்டவர்கள் படைக்குப் போனார்கள் என்பது கண்முன் வந்துவிடும்.

ராணுவ எண்ணில் ஒரு சூட்சுமம் உண்டு. எட்டு இலக்கத்தில் முதல் இலக்கம் 1 என்றால் தானாகச் சேர்ந்தவர், 2 என்றால் தேசியக் காவல் படை, 3 என்றால் கட்டாய அழைப்பு. கட்டாய அழைப்பில் இரண்டாவது இலக்கம் பகுதியைக் காட்டும், ஓஹையோவுக்கு 5. ஆக, ஓஹையோவிலிருந்து அழைக்கப்பட்டவனின் எண் 35 என்று தொடங்கும். கதையில் முழு எண்ணை எழுதாதீர்கள். அது நிஜமாகவே யாரோ ஒருவருடைய எண்ணாக இருக்கும்.

தனிநபர் கோப்பு கேட்டு விண்ணப்பிக்க ஆசை வரும். ஐந்து பக்கம் வரை 25 டாலர், அதற்கு மேல் போனால் 70 டாலர் என்பது நான் பார்த்த கட்டணம். கற்பனைப் பாத்திரத்துக்கு இது வீண் செலவு. தவிர, 1973 ஜூலையில் செயின்ட் லூயிஸ் கட்டடத்தில் பற்றிய தீயில் 1912-க்கும் 1960-க்கும் இடையே படையிலிருந்து விடுவிக்கப்பட்ட தரைப்படையினரின் கோப்புகளில் சுமார் 80 சதவீதம் எரிந்துபோனது. கடற்படை, மரீன் கோப்புகள் அந்தத் தீயில் சிக்கவில்லை. பேரன், பேத்தி பழைய காகிதம் தேடுவது போன்ற கதை எழுதுகிறீர்கள் என்றால் இது முக்கியம். ஜிம்மி, வேய்ன் கோப்புகள் கிடைக்கலாம். டேவி, நிக் கோப்புகள் பெரும்பாலும் சாம்பல்தான்.

3. வீடு திரும்பிய மாதத்தைக் கணக்குப் போடுங்கள்

இதற்குத்தான் அதிக நேரம் கொடுக்க வேண்டும். போர் முடிந்தது, எல்லோரும் மறுவாரம் ரயிலேறினார்கள் என்று எழுதினால் விஷயம் தெரிந்தவர்கள் முதல் பக்கத்திலேயே மூடிவிடுவார்கள்.

தரைப்படையில் 1945 மே மாதம் புள்ளிக் கணக்கு வந்தது. சேவையில் இருந்த மாதத்துக்கு 1, வெளிநாட்டில் இருந்த மாதத்துக்குக் கூடுதலாக 1, கலந்துகொண்ட படையெடுப்புக்குத் தரும் ஒவ்வொரு நட்சத்திரத்துக்கும் பதக்கத்துக்கும் 5, பதினெட்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தலா 12, அதுவும் மூன்று குழந்தை வரைதான். 85 சேர்ந்தால் வீடு. மனைவிக்குப் புள்ளி கிடையாது.

உதாரணத்துக்கு ஒருவன் 1942 பிப்ரவரியில் அழைக்கப்பட்டான், அந்த நவம்பரில் கப்பலேறினான் என்று வையுங்கள். 1945 மே வரை சேவை 39 மாதம், வெளிநாடு 30 மாதம், ஆக 69. இரண்டு நட்சத்திரம் 10, காயத்துக்கான பர்ப்பிள் ஹார்ட் 5. மொத்தம் 84. ஒரே ஒரு புள்ளி குறைவு! அவன் பக்கத்துப் படுக்கைக்காரனுக்கு ஊரில் ஒரு குழந்தை இருந்தால் அவன் 96 புள்ளியோடு கிளம்பிவிடுவான். செப்டம்பரில் வரம்பு 80 ஆகக் குறையும்வரை நம் ஆள் அங்கேயே கிடக்க வேண்டும். இந்தக் கோடைகாலத்தில் அவனுக்கும் கிளம்பியவனுக்கும் நடுவே என்ன ஆயிற்று என்பதே ஒரு முழுக் கதை.

டானிக்கும், போரில் அவனோடு இருந்த ஜூலியாவின் கணவன் மைக்கேலுக்கும் படைப் பிரிவு தேட வேண்டியிருந்தால், ஓஹையோ தேசியக் காவல் படையிலிருந்து உருவான 37-ஆவது காலாட்படை டிவிஷன் சாலமன் தீவுகளில் நியூ ஜார்ஜியாவிலும் புகன்வில்லிலும் சண்டையிட்டது. அந்தக் காவல் படை 1940 அக்டோபரிலேயே அழைக்கப்பட்டது, 1942-இல் கப்பலேறியது. ஆரம்பத்திலிருந்து கடைசிவரை அதில் இருந்தவனுக்கு நட்சத்திரங்களைச் சேர்க்காமலே 85 தாண்டிவிடும்.

டேவி விஷயத்தில் கவனம் தேவை. டாகாவை 1945 ஏப்ரல் 29 அன்று விடுவித்தவர்களில் 42, 45 இரண்டு காலாட்படை டிவிஷன்களும் உண்டு. 42-இன் காலாட்படை ரெஜிமென்டுகள் ஐரோப்பாவுக்கு வந்ததே 1944 டிசம்பரில். அவர்களுக்குப் புள்ளி போதாது, போருக்குப் பிறகு ஆஸ்திரியாவில் காவல் இருந்தார்கள். 45-ஆவது டிவிஷன் 1943 ஜூலையில் சிசிலியில் இறங்கியது. அன்றிலிருந்து இருந்தவனுக்கு நட்சத்திரங்களே 30 புள்ளிக்கு மேல் தந்துவிடும். 1945-லேயே கிளீவ்லேண்டு மதுக்கடையில் ஜோக் சொல்லிக்கொண்டிருக்க வேண்டியவன் 45-இலிருந்து வந்தான் என்பதுதான் பொருந்தும். சிசிலி, ஆன்ஸியோ, தெற்குப் பிரான்ஸ் எல்லாம் தாண்டி வந்த ஆள் கடைசியில் டாகாவைப் பார்க்கிறான் என்றாகும்போது அவனுடைய ஜோக்கின் கனமே வேறு.

வேய்னுக்கும் ஜிம்மிக்கும் இந்தக் கணக்கைப் போடாதீர்கள். மரீன், கடற்படை இரண்டுக்கும் விதிமுறை வேறு.

4. சட்டைப் பையில் என்ன காகிதம், எவ்வளவு பணம்

படையிலிருந்து விடுவித்த சான்றிதழ் என்றதும் பலர் டிடி-214 என்று எழுதிவிடுகிறார்கள். அந்தப் படிவம் 1950-இல்தான் வந்தது. 1945-இல் தரைப்படைச் சிப்பாய் கையில் இருந்தது 53-55 எண்ணுள்ள படிவம். கூடவே சட்டையில் குத்திக்கொள்ள ஒரு கழுகுச் சின்னம் தருவார்கள், வாத்து மாதிரி இருக்கிறது என்று சிப்பாய்கள் அதைக் கிண்டலடித்தார்கள்.

பணம்: வெளிநாட்டில் பணியாற்றியவனுக்கு விடுவிப்புத் தொகை 300 டாலர். மொத்தமாகக் கையில் கொடுக்கவில்லை. கிளம்பும்போது 100, மீதி மாதத் தவணை. வேலை கிடைக்காதவனுக்கு வாரம் 20 டாலர், அதிகபட்சம் 52 வாரம். திரும்பி வந்த சிப்பாய்களுக்குப் படிப்பு முதலான சலுகைகள் தந்த ஜி.ஐ. பில் 1944 ஜூன் 22 அன்று சட்டமானது. படிப்புக் கட்டணம் ஆண்டுக்கு 500 டாலர் வரை, தனியாளுக்கு மாதம் 50 டாலர் செலவுப் பணம், 1945 கடைசியில் அது 65 ஆனது. ஆறு பேரில் யார் யாருக்குக் கடன் கொடுக்க முடியும் என்பதை இந்தத் தொகைகளை வைத்தே முடிவு செய்யுங்கள்.

ஜிம்மியை ஓரினச் சேர்க்கையாளனாக எழுதுபவர்கள் நிறைய. தாராளமாக எழுதலாம், ஆனால் அந்தக் காலத்தில் பிடிபட்டவர்களுக்கு நீலக் காகிதத்தில் சான்றிதழ் கொடுத்துப் படையிலிருந்து அனுப்பிவிட்டார்கள். அந்த நீலத்தாள்காரர்களுக்கு ஜி.ஐ. பில் சலுகைகள் மறுக்கப்பட்டன. அவனை அரசுப் பணத்தில் சட்டம் படிக்க வைக்கிறீர்கள் என்றால், அவன் ஒருபோதும் பிடிபடவில்லை என்று அர்த்தம். எவ்வளவு கவனமாக இருந்திருப்பான், யாரிடமெல்லாம் பேச்சைக் குறைத்திருப்பான் என்று யோசியுங்கள். சட்டப் புத்தகத்தை விட்டுத் தலை நிமிராத குணத்துக்கு இதைவிட நல்ல காரணம் எனக்குத் தோன்றவில்லை.

5. வாத்தியம் எங்கிருந்து வந்தது

1942-இல் போர் உற்பத்தி வாரியம் பெரும்பாலான வாத்தியங்களின் தயாரிப்பை நிறுத்திவிட்டது. பித்தளையும் எஃகும் போருக்குப் போயின. ஆகவே நிக்கின் ட்ரம்பெட், வேய்னின் டிராம்போன் இரண்டும் பழையவை. அவர்கள் போயிருந்தபோது அவற்றை யார் வைத்திருந்தார்கள்? அம்மாவா, மனைவியா, அடகுக் கடையா? வேய்னுக்கு ஒரு கிங் டிராம்போன் கொடுக்கலாம். கிங் வாத்தியங்கள் செய்த ஹெச்.என். வைட் தொழிற்சாலை கிளீவ்லேண்டிலேயே, சுப்பீரியர் அவென்யூவில் இருந்தது. ஜானிக்குப் போர்க்கால ட்ரம்ஸ் என்றால் அதில் உலோகம் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்று கட்டுப்பாடு. ஸ்லிங்கர்லேண்ட் நிறுவனத்தின் ரோலிங் பாம்பர் ட்ரம்ஸ் செட்டில் தோலை இழுத்துப் பிடிக்கும் பிடிகள்கூட மரத்தில்தான்.

யாரையும் 1943-இல் இசைத்தட்டு பதிவு செய்ததாக எழுதும் முன் இதைக் கவனியுங்கள்: இசைக்கலைஞர் சங்கம் 1942 ஆகஸ்ட் 1 முதல் பதிவுக்குத் தடை விதித்தது. இசைத்தட்டு நிறுவனங்களில் டெக்கா 1943 செப்டம்பரில் இறங்கி வந்தது, விக்டரும் கொலம்பியாவும் 1944 நவம்பர்வரை இழுத்தடித்தன. இடையில் விலக்கு பெற்றவை சிப்பாய்களுக்கு மட்டும் அனுப்பிய வி-டிஸ்க் தட்டுகள். கிளீவ்லேண்டில் சங்கத்தின் நான்காம் கிளை வெள்ளையர்களுக்கு, 550-ஆம் கிளை கறுப்பர்களுக்கு. படையிலும் நிறப்பிரிவினை 1948 வரை ஆணையாகவே இருந்தது. இன்று மேடையில் யாரை வைத்து நடித்தாலும், உங்கள் கதையில் கலப்பு பேண்டு வைத்தால் எந்தக் கிளையில் உறுப்பினர் அட்டை வாங்கினான் என்ற கேள்விக்குப் பதில் வைத்திருங்கள்.

கேளிக்கை வரியைப் பெரும்பாலோர் தவறவிடுகிறார்கள், அது தங்கம். பாட்டோ நடனமோ உள்ள கடையில் சாப்பாடு, குடி எல்லாம் சேர்ந்த ரசீதுக்கு 1944 ஏப்ரலில் 30 சதவீத வரி போட்டார்கள், ஜூலையில் 20 ஆகக் குறைத்தார்கள். வாத்தியம் மட்டும் வாசித்தால் வரி கிடையாது. அதாவது ஜூலியா மைக்கின் முன்னால் போய் நின்று வாயைத் திறந்த நிமிடத்தில், பத்து டாலர் சாப்பிட்டவன் பன்னிரண்டு டாலர் கட்ட வேண்டும். கடை முதலாளி முகத்தைச் சுளித்துக்கொண்டே கணக்கு நோட்டைத் திருப்புவதையும், டானி அவரிடம் கெஞ்சுவதையும் எழுதிப் பாருங்கள். பாடகியை பேண்டில் சேர்ப்பது எவ்வளவு பெரிய முடிவு என்பது வசனமே இல்லாமல் புரிந்துவிடும்.

6. ஜூலியாவின் வீட்டில்

மரணச் செய்தி தந்தியில் வந்தது. பெயர், தேதி, எந்தப் பகுதி என்பதைத் தாண்டி அதில் அநேகமாக ஒன்றும் இருக்காது. எப்படி இறந்தான் என்று அவளுக்குத் தெரியாமலிருப்பது நாடகத்துக்காகச் செய்த ஏற்பாடு அல்ல, நடைமுறையே அதுதான். சன்னலில் தொங்கும் கொடியில், படைக்குப் போனவனைக் குறிக்கும் நீல நட்சத்திரத்தின் மேல், அவன் இறந்ததைக் காட்டத் தங்க நட்சத்திரம் தைப்பார்கள். சட்டையில் குத்தும் தங்க நட்சத்திரப் பொத்தான் 1947-இல்தான் வந்தது, 1945-இல் அதை அவளுக்கு மாட்டிவிடாதீர்கள்.

கல்லறைக் காட்சியும் வேண்டாம். வெளிநாட்டில் புதைத்தவர்களின் உடல்கள் 1947 கடைசியிலிருந்துதான் தாயகம் வரத் தொடங்கின. கணவன் எங்கோ ஒரு தீவில் தற்காலிகக் குழியில் இருக்கிறான் என்ற நிலையிலேயே அவள் பாடுகிறாள்.

ராணுவ ஆயுள் காப்பீடு அதிகபட்சம் 10,000 டாலர், ஆனால் அன்றைக்கு அது தவணையாகத்தான் வந்தது. ஒரேயடியாகப் பணக்காரி ஆக்கிவிடாதீர்கள்.

7. கடிதங்கள்

வி-மெயில் என்பது ஒற்றைத் தாள் படிவம். அதைப் புகைப்படச் சுருளில் எடுத்து, சுருளை மட்டும் அனுப்பி, மறுபக்கத்தில் உள்ளங்கை அகலத்துக்கு அச்சிட்டுக் கொடுப்பார்கள். பொடி எழுத்தில் எழுதியவன் கடிதம் படிக்க முடியாமல் போகும். லிப்ஸ்டிக் முத்திரை வைத்து அனுப்பினால் கறுப்புக் கறைதான் போய்ச் சேரும். சிப்பாயின் கடிதத்தை அவனுடைய படையின் அதிகாரி படித்துத்தான் அனுப்புவார். மைக்கேல் டானியைப் பற்றி வீட்டுக்கு எழுதிய ஒவ்வொரு வரியையும் மூன்றாவது மனிதர் ஒருவர் படித்திருக்கிறார். ஊர்ப் பெயர், கப்பல் பெயர் எழுத முடியாது.

8. இப்போது உறவுகள்

மேலே உள்ளதையெல்லாம் ஒரே தாளில், மாதவாரியாக, ஆளுக்கொரு வரிசையாக எழுதுங்கள். ஒரே மாதத்தில் ஒரே ஊரில் இரண்டு பேர் எங்கே வருகிறார்கள் என்று பாருங்கள். போருக்கு முன் அது பெரும்பாலும் கிளீவ்லேண்டாகத்தான் இருக்கும்: சங்க அலுவலகம், தேவாலயக் கூடம், கல்யாண வீடு. நோவிட்ஸ்கி, ஸ்லாடிக் போன்ற பெயர்கள் அந்த ஊருக்குப் பொருத்தம். போலந்து, ஸ்லோவேனியக் குடும்பங்கள் நிறைந்த ஊர். ஸ்விங் வாசிக்கிறவன் சனிக்கிழமை கல்யாணத்தில் போல்கா என்ற துள்ளலான நடன இசை வாசித்திருப்பான்.

நிஜ ஆதாரம் ஒன்று வேண்டுமென்றால் ஃப்ராங்கி யாங்கோவிக்கைப் பாருங்கள். கிளீவ்லேண்டின் காலின்வுட் பகுதியில் வளர்ந்த அக்கார்டியன்காரர். பெல்ஜியப் பக்கம் குளிர்காலத்தில் நடந்த பல்ஜ் போரில் பனியில் கை கால் விறைத்துப்போய், மருத்துவர்கள் வெட்டி எடுக்க வேண்டும் என்றபோது மறுத்துவிட்டார். பிழைத்து வந்து மறுபடி வாசித்தார், பின்னாளில் போல்கா மன்னர் ஆனார்.

நிக்குக்கு ஜெர்மன் முகாம் என்றால், ஒய்.எம்.சி.ஏ. அமைப்பு கைதிகளுக்கு வாத்தியங்கள் அனுப்பியது, முகாம்களில் பேண்டுகள் இருந்தன என்பதை மறக்காதீர்கள். ஆனால் ட்ரம்பெட்டுக்கு உதடும் பல்லும் வேண்டும். பசியில் கிடந்தவன் உதட்டுத் தசை தளர்ந்து, மேல் ஸ்வரங்களைத் தொட முடியாமல் திரும்புவான். விடுதலையான கைதிகளுக்கு 60 நாள் வீட்டு விடுப்பு கிடைத்தது. அந்த இரண்டு மாதம் அவன் கதவைச் சாத்திக்கொண்டு நீண்ட ஸ்வரம் பிடித்துப் பழகியிருப்பான். அவனுக்கு ஏன் சட்டென்று கோபம் வருகிறது என்று தனியாக விளக்க வேண்டியதில்லை.

பிடிஎஸ்டி (அதிர்ச்சிக்குப் பின் வரும் மனநலச் சிக்கல்) என்ற பெயர் மருத்துவக் கையேட்டில் ஏறியது 1980-இல். இவர்கள் வாயில் அது வரக் கூடாது. போர்க்களைப்பு, நரம்புத் தளர்ச்சி என்பார்கள், அல்லது ஒன்றும் சொல்லாமல் இன்னொரு கோப்பை கேட்பார்கள். ஆறு பேரும் ஒரே இரவில் உட்கார்ந்து மனம்விட்டுப் பேசுகிற காட்சியை எழுதியிருந்தால் எடுத்துவிடுங்கள். ஒருவன் இன்னொருவனின் மருந்துச் சீட்டையோ, கட்டிலில் கலையாத போர்வையையோ தற்செயலாகப் பார்ப்பது போதும்.

9. வெளியிடும் முன்

ஒரு பாத்திரத்துக்கான ஆதாரம் தேடவே சில வாரங்கள் பிடிக்கும். ஆறு பேரையும் ஒன்றாக எடுக்காதீர்கள். ஒருவனை முடித்துவிட்டு, அவன் சந்தித்தவனை அடுத்து எடுங்கள். சந்தேகம் வந்தால் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் முன்னாள் படைவீரர் வாய்மொழிப் பதிவுகளைக் கேளுங்கள், இலவசம்தான். ஆங்கிலத்தில் என்றாலும் நிதானமாகப் பேசுவார்கள். ஆவணங்களில் கிடைக்கும் நிஜ மனிதர்களின் பெயரை அப்படியே எடுத்து வைக்காதீர்கள், அவர்கள் குடும்பம் இன்னும் இருக்கிறது.

பாடல் வரிகளை நீளமாக எடுத்துப் போடக் கூடாது, விற்கவும் கூடாது. உங்கள் முன்கதையை நாடகமாக மேடையேற்றும் எண்ணம் இருந்தால் பாத்திரங்களின் உரிமை வைத்திருப்பவர்களிடம் எழுத்தில் அனுமதி வேண்டும். பதில் வர மாதக்கணக்கில் ஆகலாம், வராமலும் போகலாம். அதனால் கூடத்துக்கு முன்பணம் கட்டுவதற்கு முன்பே கடிதத்தை அனுப்பிவிடுங்கள்.